தீபாவளிக்குத் தொண்ணூற்றாறு குடம்

மற்ற ஊர்களில் தீபாவளி என்றால் முதலில் துணி எடுப்பார்கள். கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் முதலில் தண்ணீர் முறையை எண்ணுவோம். எங்கள் தெருக்குழாயில் நல்ல தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு தரம் வரும். ஆவணி பிறந்ததும் நான் காலண்டரை எடுத்துவைத்து ஒன்பது ஒன்பதாகத் தாண்டி வட்டம் போட்டுக்கொண்டே போவேன். கடைசி வட்டம் தீபாவளிக்கு முன்னால் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் எனக்கு அந்த வருஷம் தூக்கம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், வட்டம் தீபாவளிக்குச் சரியாக மூன்று நாள் முன்னால் விழுந்தது. நான் எழுதிவைக்கத் தொடங்கிய பன்னிரண்டு தீபாவளிகளில் அப்படி அமைந்தது அது இரண்டாவது தடவை. அதோடு, மகன் குடும்பத்தோடு வருகிறேன் என்று போன் செய்திருந்தான். அவன், மருமகள், இரண்டு பேத்திகள். நாலு நாள் தங்குவதாகப் பேச்சு. இரண்டு வருஷத்துக்கு முன்பும் அப்படித்தான் வந்தார்கள். தீபாவளியன்று சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்றான். அதற்கடுத்த தீபாவளிக்கு வரவே இல்லை, மருமகளின் ஊருக்குப் போய்விட்டார்கள். அது தஞ்சாவூர்ப் பக்கம், வாசலில் வாய்க்கால் ஓடுகிற ஊர். இந்தத் தடவையாவது நாலு நாளும் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கும் என் மனைவிக்கும்.

நான் தீப்பெட்டி ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் பண்டல் எண்ணி லாரியில் ஏற்றிவிட்டவன். எண்ணாமல் எதையும் நம்புவதில்லை. வீட்டில் தண்ணீர் பிடிக்கிற பாத்திரங்கள் முப்பத்திரண்டு. பித்தளை அண்டா இரண்டு, தவலை மூன்று, பிளாஸ்டிக் குடம் பதினாலு, மீதி வாளிகளும் பானைகளும். எல்லாம் சேர்த்து முப்பத்தாறு குடம். கொல்லையில் இருக்கிற சிமென்ட் தொட்டி அறுபது குடம். ஆக மொத்தம் தொண்ணூற்றாறு.

செலவு இப்படி எழுதினேன். சமையலுக்கும் குடிக்கவும் விருந்தாளிகள் இருக்கும் நாளில் நாலு குடம், நாங்கள் இருவர் மட்டும் என்றால் இரண்டு. அடுத்த முறை வரைக்கும் ஒன்பது நாளுக்கு இருபத்தாறு. முறுக்கு, அதிரசம் வகையில் ஐந்து. மற்ற நாள் குளியலுக்கு அடிபம்பில் உப்புத் தண்ணீர் இருக்கிறது, ஆனால் கடைசியில் மேலுக்கு ஊற்ற ஆளுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர், மூன்று நாளுக்குப் பதினெட்டு. பிறகு தீபாவளி எண்ணெய்க் குளியல். உப்புத் தண்ணீரில் சீயக்காய் நுரைக்காது. எண்ணெய் தலையோடு ஒட்டிக்கொண்டு, சீப்பு வைத்தால் பிசின் மாதிரி இழுக்கும். ஆகவே அது முழுக்க நல்ல தண்ணீரில்தான் ஆக வேண்டும். எனக்கு இரண்டு, மனைவிக்கு மூன்று, மகனுக்கு மூன்று, பேத்திகளுக்கு மூன்று மூன்று, மருமகளுக்கு முடி நீளம் என்பதால் நாலு. பதினெட்டு. எல்லாம் கூட்டினால் அறுபத்தேழு. இருப்பு தொண்ணூற்றாறு. மிச்சம் இருபத்தொன்பது குடம். அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பெரிய மிச்சத்தை நான் பார்த்ததில்லை.

வீட்டை ஒழுங்கு செய்வதற்கும் அட்டவணை போட்டேன். கரிசல் காட்டுப் பக்கமிருந்து ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு காற்று அடிக்கும். எந்த ஜன்னலை அடைத்தாலும் கறுப்புத் தூசி உள்ளே வந்துவிடும். ஆகவே ஒட்டடையும் மின்விசிறியும் கடைசி வாரம், பரணில் இருப்பதை இறக்குவது அதற்கு முந்தின வாரம். உளுந்து, மிளகாய் வெயிலில் காயவைக்க இரண்டு நாள். பாய் தலையணைக்கு ஒரு நாள். தண்ணீர் வருவதற்கு முந்தின நாள், தொட்டியில் மிச்சமிருப்பதை வைத்து வீடு முழுவதும் கழுவிவிட்டு, வெறும் தொட்டியைத் தேய்த்துச் சுத்தம் செய்வது. புதுத் தண்ணீர் சுத்தமான தொட்டியில் விழும். பழைய தண்ணீரும் வீணாகாது. இந்த யோசனை எனக்கே மிகவும் பிடித்திருந்தது. கார்பன் வைத்து நாலு பிரதி எழுதித் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தேன்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். குளியலறைக் கதவின் உள்பக்கம், யார் யாருக்கு எத்தனை குடம் என்று தடித்த எழுத்தில் எழுதி ஒட்டினேன். அன்று மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அந்தத் தாள் என் இலைக்குப் பக்கத்தில் கிடந்தது. மனைவி சோற்றைப் போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன அவன் லீவு கிடைக்கலைன்னு சொன்னது சும்மா" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அந்தப் பிள்ளை தலைக்கு ஊத்திக்கிட்டு இருக்கு. நீங்க வெளிய நின்னுக்கிட்டு, மூணு குடம் ஆச்சும்மா, மூணேகால் ஆச்சும்மாங்கீங்க. ஒரு பொம்பளப் பிள்ளை குளிக்கையில மாமனார் கதவுக்கு வெளிய நின்னு எண்ணுனா, அவிய எப்படி இருப்பாவ? தலையில பாதி எண்ணெயோட வெளிய வந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலமே போயிட்டாவ."

"இதை நீ ஏன் அப்பவே சொல்லலை?"

"சொன்னா அதையும் நோட்டுல எழுதுவீங்க."

தண்ணீர்ப் பஞ்சத்தால்தான் போனார்கள் என்று நினைத்துத்தான் இரண்டு வருஷமாகக் குடம் குடமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தடவையும் அப்படிப் போனால் இனிமேல் தீபாவளிக்கு வாய்க்கால் ஓடுகிற ஊருக்குத்தான் போவார்கள், நாம் போனில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்றும் அவள் சொன்னாள். அவர்கள் ரயிலிலிருந்து இறங்கினதிலிருந்து திரும்ப ஏறும்வரை தண்ணீரைப் பற்றி ஒரு எண் என் வாயிலிருந்து வரக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். தொட்டி அளக்க நான் ஒரு மரச்சட்டம் வைத்திருந்தேன், குடத்துக்கு ஒரு கோடாக அறுபது கோடு போட்டது. அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சரி என்று விட்டுவிட்டேன். இருபத்தொன்பது குடம் மிச்சம் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய காரியமா என்ன?

குறித்த நாளில் வீட்டைக் கழுவினோம். தொட்டியை நானே இறங்கித் தேங்காய் நாரால் தேய்த்தேன். மறுநாள் காலை ஆறரைக்குக் குழாய் பேசத் தொடங்கியது. முதலில் காற்று, பிறகு தண்ணீர். பென்சில் கனத்துக்கு வந்தது. சரி, போகப்போகக் கனக்கும் என்று பார்த்தேன். மெலிந்து நூலானது. எங்கள் வீடு தெருவில் பதினோராவது, கடைசி வீடு. வழக்கமாக மேலே உள்ள வீடுகளில் தொட்டி பாதியாவது கிடக்கும். சீக்கிரம் நிறைந்துவிடும், அடைத்துவிடுவார்கள், பிறகு எங்களுக்கு வேகம் வரும். அன்று ஏன் வரவில்லை என்று பார்க்கத் தெருவில் மேலே நடந்தேன்.

நாலாவது வீட்டு வாசலில் பலசரக்குக் கடைக்காரர் பல் விளக்கிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

"அண்ணாச்சி, உங்க தாளு பிரமாதம். நேத்து தொட்டியைக் காலி பண்ணித் தேய்ச்சிட்டோம்லா. பளிங்கு மாதிரி கிடக்கு. நம்ம தாளைப் பார்த்து தெருவுல எல்லாரும் எழுதிக்கிட்டாவ. பத்து வீட்டுத் தொட்டியும் சுத்தம்."

பத்து வீட்டுத் தொட்டியும் சுத்தம் என்றால் பத்து வீட்டுத் தொட்டியும் வெறும் தொட்டி. பத்தும் நிறைந்த பிறகுதான் பதினோராவது. நன்றாகச் செய்தீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்பது மணிக்குக் குழாய் நின்றது. எங்களுக்குக் கிடைத்தது நாற்பத்தேழு குடம். வேண்டியது அறுபத்தேழு.

மனைவி என்னைத் திட்டியிருந்தால் தேவலை. குழாயடியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் நாற்பத்தேழை எப்படிப் பிரித்தாலும் போதவில்லை. மேலுக்கு ஊற்றுகிற பதினெட்டை அடித்துவிட்டாலும் துண்டு விழுந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை ரயிலில் வந்தார்கள். அந்த நாளை நான் எப்படிக் கழித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். பேத்திகள் ரயில் அழுக்குப் போகக் கை கழுவினார்கள், பிறகு காலைக் கழுவினார்கள், பிறகு மறுபடியும் கையைக் கழுவினார்கள். சொம்பு விழுகிற சத்தம் ஒவ்வொன்றும் என் காதில் எண்ணாகவே விழுந்தது. பன்னிரண்டு சொம்பு ஒரு குடம். மருமகள் வந்து, "மாமா, எந்தத் தண்ணி எதுக்குன்னு அத்தை சொல்லிட்டாங்க" என்றாள். நான் வானத்தைப் பார்த்து, மழை வரும்போலிருக்கிறது என்றேன். மேகம் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் விடிவதற்கு முன்னால் எண்ணெய் வைத்தார்கள். எனக்குத்தான் முதலில். இரண்டு குடம் எழுதியிருந்தேன், ஒன்றரையில் முடித்தேன். மருமகள் குளிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டில் இருந்தால் காது எண்ணும். காது எண்ணினால் வாய் சும்மா இருக்காது. தெரு முழுக்க வெடிச் சத்தமும் புகையும். தெருவைத் தாண்டி, ரயில் பாதையையும் தாண்டி, காடு தொடங்குகிற இடத்துக்கு வந்தேன். மழைக்கு முன்னாலேயே விதைத்துவிட்டுச் சம்சாரிகள் காத்திருந்தார்கள். மண் இன்னும் வெடிப்பு விட்டுக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் என் கைத்தடி ஒரு சாண் இறங்கியது. அங்கே நின்று வெடிப்புகளை எண்ணினேன். நாற்பது வரை எண்ணியதும் மனசு கொஞ்சம் அடங்கியது. குளித்து முடிந்திருக்கும் என்று திரும்பினேன்.

மருமகள் முற்றத்தில் வெயிலில் நின்று முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். சீயக்காய் வாசனை வந்தது. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை, முடி பறந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நேராகத் தொட்டிப் பக்கம் போகவும் இல்லை. இலையில் இட்லியை வைத்ததும் ஏழு சாப்பிட்டேன். வழக்கமாக நாலு.

தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வரும்போது பலசரக்குக் கடைக்காரர் கூப்பிட்டு, உங்கள் மருமகள் கெட்டிக்காரி அண்ணாச்சி என்றார். தண்ணீர் வந்த கதையை அவள் தன் அத்தையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேல்வீடுகளுக்குப் போயிருக்கிறாள். மாமா எழுதின தாளால் நிறைந்த தொட்டிதானே, அவருக்கு ரெண்டு குடம் தர மாட்டீங்களா என்று கேட்டிருக்கிறாள். ஆறு வீட்டில் இரண்டு இரண்டாகப் பன்னிரண்டு குடம். பெண்கள் சிரித்துக்கொண்டே தூக்கிக்கொண்டு வந்து ஊற்றியிருக்கிறார்கள். எல்லாம் நான் காட்டில் நின்று வெடிப்பை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மறுநாள் சாயங்காலம் அவர்கள் கிளம்ப வேண்டிய நாள். மருமகள் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மாமா, இப்ப எத்தனை குடம் இருக்கும்?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. என் கணக்குப்படி எட்டும், அந்தப் பன்னிரண்டும். நாக்கு நுனியில் இருந்தது.

"தெரியலைம்மா" என்றேன். பத்து வயசிலிருந்து, எத்தனை என்று கேட்டதற்குத் தெரியாது என்று நான் சொன்னது அன்றைக்குத்தான்.

அவள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கம்பை எடுத்தாள். என் மரச்சட்டம். அடிப்பக்கம் ஈரமாக இருந்தது.

"தொட்டியில பதினொன்னரை. பாத்திரத்துல எட்டரை. மொத்தம் இருபது. வந்த அன்னைக்கே அத்தை இதை என் கையில கொடுத்துட்டாங்க, நீயே அளந்துக்கோன்னு. நான் நேத்து எத்தனை குடத்துல குளிச்சேன்னு கேளுங்க."

நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று சத்தியம்.

"மூணேகால்" என்றாள். "நீங்க நாலு எழுதியிருந்தீங்களாம். முக்கால் குடம் மிச்சம் பிடிச்சேன்."

பிறகு சட்டத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பண்டல் ஏற்றுகிற மேஸ்திரி மாதிரி சொல்லத் தொடங்கினாள். "நாளைக்கு நாலு குடம். நாளன்னைக்கும் நாங்க இருந்தா இன்னொரு நாலு. அப்புறம் உங்க ரெண்டு பேருக்கு ரெண்டு நாளைக்கு நாலு. அதுக்கடுத்த நாள் முறை வந்துடும். பன்னிரண்டு போக எட்டு மிச்சம். அவருக்கு இன்னும் ஒரு நாள் லீவு இருக்கு. இருந்துட்டுப் போகலாம்ல மாமா?"

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அடுக்களையில் மறுபடியும் பாத்திரச் சத்தம் கேட்டது.

ஐந்து நாள் இருந்தார்கள். அடுத்த வருஷமும் ஆவணியில் காலண்டரை எடுத்து வட்டம் போட்டேன். அட்டவணை எழுதினேன். கார்பன் வைத்து ஒரே ஒரு பிரதி எடுத்தேன். தெருவில் யாருக்கும் கொடுக்கவில்லை. மருமகளுக்குத் தபாலில் அனுப்பினேன். இரண்டு இடத்தில் கூட்டல் திருத்தித் திருப்பி அனுப்பினாள்.