சவரிமுத்து அண்ணன் தேடிய வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தபோது சவரிமுத்து அண்ணனின் மனைவி பிலோமினா அக்காவிடமிருந்து போன் வந்தது. "தங்கச்சி, அண்ணன் போயிட்டாருடி. காலுக்குச் சப்பாத்து போடக் குனிஞ்சவரு அப்படியே சுவத்துல சாஞ்சிட்டாரு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. "எங்க போறதுக்குக் கிளம்புனாரு அக்கா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"கொத்மலைப் பக்கம் ஏதோ திருவிழாவாம். நெறைய வண்டி வரும்னாரு."

அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஹட்டன் பஜாரில் வாகனங்களின் உட்புறத்துக்குக் காபன் ஸ்டிக்கர் ஒட்டிய சவரிமுத்து அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். கீறல் விழுந்த கதவுப் பலகையானாலும், வெயிலில் வெளுத்த டேஷ்போர்ட் ஆனாலும், நெய்த துணி போலத் தெரியும் அந்தக் கறுப்புத் தாளைப் போர்த்திப் புதிதாக்கிக் கொடுப்பார். கடைசி ஒன்றரை வருடமாக, நிறுத்தியிருக்கும் கார்களின் இடப்பக்கக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உள்ளே பார்த்துக்கொண்டு அவர் திரிந்ததையும் கண்டிருப்பீர்கள். தான் விட்ட ஒரு பிழையைத் தேடுவதாக அவர் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பிழை அவருடையது அல்ல, என்னுடையது. அவர் உயிரோடு இருக்கும்வரை இதைச் சொல்ல அவர் என்னை விடவில்லை.

நான் வட்டகொடையில் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பவள். இந்த வேலையை யாரிடமும் படிக்கவில்லை. போனில் பார்த்து, உடைந்த பிளாஸ்டிக் மூடிகளில் ஒட்டிப் பழகினேன். என் கணவரின் ஆட்டோவைப் பார்க்க வந்த அண்ணன், வீட்டுச் சுவரிலிருந்த சுவிட்ச் பெட்டியில் நான் ஒட்டியிருந்ததைக் கவனித்தார். விரலால் மூலையைத் தடவினார்.

"யாரு ஒட்டுனது?"

"நான்தாண்ணே."

"எனக்கே மூலையில சுருக்கம் விழும். உங்களுக்கு விழலியே. நான் கடையப் பூட்டிட்டு இங்க வேலைக்கு வந்துறவா?"

அதன் பிறகு கார்களில் கழற்றிய பலகைகளை பஸ்ஸில் அனுப்பி வைப்பார். நான் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஹெயார் டிரையர் சூட்டில் இழுத்து ஒட்டி அனுப்புவேன். எந்தப் பலகை, எந்தப் பக்கம், எத்தனை கிளிப், வரும்போதே இருந்த கீறல் எது என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். சாரதிக்கு அருகிலுள்ள சீட்டின் முன்னால் வரும் பலகையை மட்டும் அவர் ஒருநாளும் எனக்கு அனுப்பியதில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

அண்ணன் நெஞ்சு வலிக்காகக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாளில், ஒரு தம்பி கடுதாசியில் சுற்றிய பலகையோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். கொத்மலைப் பக்கம் என்றார். "கடை பூட்டியிருக்கு அக்கா. பக்கத்துக் கடையில உங்க வீட்டச் சொன்னாங்க. நாளைக்கு விசேஷம், கொஞ்சம் பாருங்க."

இடப்பக்கச் சீட்டின் முன்னால் வரும் பலகை அது. எஸ்.ஆர்.எஸ். என்று மூன்று எழுத்துகள் மேடாக இருந்தன. அவற்றைச் சுற்றிச் சதுரமாக ஒரு மெல்லிய கோடு. ஸ்டிக்கர் ஒட்டினால் இரண்டுமே மேலே தெரியும். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற பெருமையில் கோட்டில் பட்டி பூசி நிரப்பினேன். எழுத்துகளைச் சேண்ட் பேப்பரால் தேய்த்தே எடுத்துவிட்டேன். மேலே ஒரே தாளாக இழுத்து ஒட்டினேன்.

"கண்ணாடி மாதிரி இருக்கு அக்கா" என்றார் அந்தத் தம்பி. "அம்மா எப்பவும் இதுக்கு முன்னாலதான் உட்காருவாங்க. முழங்கால் வலி, பின் சீட்டுல கால மடக்க முடியாது."

பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார். வளைவில் மூடுபனி அவரை மறைத்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் வந்தார். வழக்கம்போல் கொப்பியை வாங்கி வாசித்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"தங்கச்சி, அந்தக் கோடு சதுரமா இருந்துச்சா?"

"ஆமாண்ணே."

படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். குடித்து முடித்த பிறகே பேசினார். "அந்த மூணு எழுத்து எயார்பேக்குக்கு அடையாளம். ஆளக் காப்பாத்துற அந்தக் காத்துப் பை அதுக்குள்ளதான் இருக்கு. வண்டி மோதுனா அது அந்தக் கோட்டுல கிழிச்சுக்கிட்டு வெளிய வரணும். இப்ப வராமயே போகலாம். இல்லாட்டி பலகையே ஒடஞ்சு மூஞ்சில பாயலாம். அழகுக்காகத்தான் ஒட்டுறோம். அதுக்காக அதோட வாய ஒட்டிறக் கூடாது."

வண்டி நம்பரைக் கேட்டார். கொப்பியில் கிளிப்புகளின் எண்ணிக்கைகூட இருந்தது. வந்தது பலகை மட்டும்தானே, நம்பர் இல்லை. பெயரும் கேட்கவில்லை. "கொத்மலைத் தம்பி" என்றுதான் எழுதியிருந்தேன்.

எழுந்து போகும்போது சொன்னார்: "இத யாருகிட்டயும் சொல்லாதீங்க. கடை என்னோடது. பிழையும் என்னோடதுதான்."

மறுநாளே கடைக் கதவில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டினார். 'நான் ஒரு காரில் பிழையாக ஒட்டிவிட்டேன். தயவுசெய்து வந்து காட்டுங்கள்.' அந்தத் தம்பி வரவில்லை. அதை வாசித்த மற்றவர்கள் வேறு கடைகளுக்குப் போனார்கள். அண்ணன் அந்த அறிவிப்பைக் கிழிக்கவில்லை. மழையில் ஊறினால் புதிதாக எழுதி ஒட்டினார்.

தலவாக்கலையில் ஒரு தேர்த் திருவிழாவின்போது, காருக்குள் எட்டிப் பார்த்தவரை ஒரு சாரதி பிடித்துக்கொண்டார். "என்னா அண்ணே, வண்டிய வாங்கவா, தூக்கவா?"

"ரெண்டுக்கும் வசதியில்ல தம்பி. என் வேல உள்ள இருக்கான்னு பாக்குறேன்" என்றார் அண்ணன். பக்கத்தில் நின்ற நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெயர் தெரியாத அந்த அம்மாவுக்காக வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருந்தேன். அண்ணனிடம் சொன்னபோது, "இருங்க. நான் எங்க மாதாகிட்ட கேக்குறேன், நீங்க உங்க அம்மன்கிட்ட கேளுங்க. ரெண்டு பேரு தேடுனா சுருக்கா கெடைக்கும். அவங்களுக்கு நம்பரும் தெரியும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். கண் மட்டும் பாதையில் போன காரோடு போனது.

விபத்து என்று கேள்விப்பட்டால் அந்த வண்டியைப் போய்ப் பார்க்காமல் இருக்க மாட்டார். ஒருமுறை திம்புள்ளப் பக்கம் மண்மேட்டில் மோதிய காரை ஒரு கராஜில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நானும் போனேன். கண்ணாடி இல்லை. இடப்பக்கச் சீட்டில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதன் முன்னால் கறுப்புக் காபன் ஸ்டிக்கர். என் வாயில் அம்மன் பெயர்கூட வரவில்லை. அண்ணன் கையை உள்ளே விட்டு நகத்தால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். நகம் ஓரிடத்தில் இறங்கி நின்றது.

"கோடு இருக்கு தங்கச்சி. நம்மது இல்ல."

எனக்கு மூச்சு வந்தது. அவர் மட்டும் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "நமக்கு நிம்மதி வருது பாத்தீங்களா? இதுக்கும் சேத்து மன்னிப்புக் கேக்கணும்" என்றார்.

சாவு வீட்டில் நான் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் சொன்னார்: "பாவம், அவரு விட்ட பிழையே அவர தின்னுருச்சு." பிலோமினா அக்கா தலையை ஆட்டினார். நான் அடுத்த கோப்பையை நிரப்பினேன். அன்று நான் காத்த மௌனத்துக்காகத்தான் இன்று இதை எழுதுகிறேன். நேற்று அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் உள்ளே போய்க் கடைச் சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய தேடல்தான். கதவில் இப்போது என் கையெழுத்தில், என் பெயரோடு புது அறிவிப்பு இருக்கிறது. அவரை அறிந்தவர்களே, நீங்கள் ஏறும் கார்களில் இடப்பக்கம் பாருங்கள். கறுப்பு நெசவு, ஒரே துண்டு. நகத்தால் தடவிப் பாருங்கள். கோடு எங்கேயும் தட்டுப்படாவிட்டால் அது நான் ஒட்டியது. எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் வந்து சேரும்வரை அந்த அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள். முழங்கால் வலித்தாலும் பரவாயில்லை.