மூடியுள்ள ஹெல்மட்

பிழை பொறுத்துத்தான் இந்த வாரமும் வாசிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கை இது. எழுத உட்கார்ந்தால் பாதி மறந்துபோகும், மீதி கோணலாக வரும். ஆனால் போன வெள்ளிக்கிழமை நடந்தது மட்டும் மறக்கவில்லை... கழுத்து இன்னும் வலிக்கிறது.

விஷயம் ஒரு ஹெல்மட்.

என் வீட்டுக்காரர் பைக் ஓட்டுவார், நான் பின்னால் இருப்பேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து இதுதான் ஒழுங்கு. பைக் மூன்று மாறிவிட்டது, டிரைவர் மாறவில்லை. போன மாதம் மருமகன் தன்னுடைய முழு ஹெல்மட்டை எனக்குத் தந்தார். வாய்க்குக் கீழே நாடி வரைக்கும் மூடும். கண்ணுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி.

எனக்குப் பிடித்துவிட்டது. கூச்சக்காரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சந்தையை முழுக்க நான் பார்க்கலாம். என்னை ஒருவரும் பார்க்க முடியாது!

ஆனால், ஸலாம் என்று ஒன்று இருக்கிறதே?

எங்கள் பக்கத்தில் ரோட்டால் சும்மா போக முடியுமா? சந்திக்குச் சந்தி ஒரு ஸலாம் வரும். பதில் சொல்லாமல் போனால், நாம் வீடு வந்து சேருமுன் கதை வந்து சேர்ந்திருக்கும்.

அந்த ஹெல்மட்டோடு போன ஒரு நாள், கல்முனை பஸ் நிலையத்துக்கு முன்னால் என் தங்கச்சி சுபைதா நின்றாள். அக்கரைப்பற்றில் இருக்கிறவள். பக்கத்தில் அவளுடைய புதுச் சம்பந்தி வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். எங்கள் பைக்கைக் கண்டதும், "இந்தா போறாவே, இவதான் என்ட ராத்தா" என்று காட்டி, கையை உயர்த்தி ஸலாமும் சொன்னாள். நானும் பதில் சொன்னேன். அல்லாஹ் அறிவான், சொன்னேன்! அது ஹெல்மட்டுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி என் காதிலேயே விழுந்தது. வெளியே நின்றவர்களுக்குத் தெரிந்தது என்ன? ஒரு கறுப்பு உருண்டை திரும்பியும் பார்க்காமல் போகிறது.

பின்னேரம் போன் வந்தது.

"சம்பந்தி ஆக்களுக்கு முன்னால என்ட மானத்த வாங்கிட்டீங்களே ராத்தா. ஹெல்மட்டப் போட்டதும் தங்கச்சி கண்ணுக்குத் தெரியல்லயா?"

"இல்லகா, நான் சொன்ன..."

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் எடுத்தால் அவள் எடுக்கவில்லை. உம்மா மௌத்தான பிறகு நாங்கள் இரண்டு பேரும்தான் மிச்சம். மூன்று நாள் கதைக்காமல் இருந்ததில்லை. இரண்டாவது வாரமும் வந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். "வாயத் தொறக்கிற ஹெல்மட் ஒண்டு வந்திரிக்காம். வா, எடுப்பம்."

கடை முதலாளி தாடிக்காரர், பொறுமைசாலி. ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"உம்மா, இது மொடியுலர்."

அது இந்த வகை ஹெல்மட்டுக்கு இங்கிலீஷ் பெயராம். எனக்கு விளங்கியது 'மூடியுள்ள'.

"மூடியுள்ளது வேணாம் மகன். அதாலதான் இவ்வளவு கரைச்சலும். தொறக்கிறது தாங்க."

"இது தொறக்கிற மொடியுலர் உம்மா."

"மூடியுள்ளது எப்பிடி மகன் தொறக்கும்?"

என் வீட்டுக்காரர் வெளியே போய் நின்று சிரித்துவிட்டு வந்தார்.

முதலாளி ஹெல்மட்டின் நாடிக்குக் கீழே இருந்த சிவப்புப் பித்தானை அமத்தினார். நாடியும் கண்ணாடியும் ஒன்றாக நெற்றிக்கு மேலே போயின. எனக்கு ஆச்சரியம்! மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே போடலாம், தண்ணீர் குடிக்கலாம், மருந்துக் குளிசை விழுங்கலாம்...

"முக்காட்டோட போட்டுப் பாத்துத்தான் சைஸ் எடுக்கணும்" என்றார். "கன்னத்தில இறுக்கமா இரிக்கணும், நெத்தி வலிக்கப்படாது. முக்காட்டு ஊசியக் கழுத்துப் பக்கமாக் குத்துங்க. மூடக்குள்ள ரெண்டு பக்கமும் 'டிக்' எண்டு பூட்டணும். மத்தது, கொஞ்சம் பாரம். பூட்டு, மூட்டு எல்லாம் இரிக்கே."

நான் போட்டுத் திறந்து வைத்தேன்.

"எங்க, ஒருக்காக் கதைச்சிப் பாருங்க."

அந்நிய ஆண்களுக்கு முன்னால் நான் என்னத்தைக் கதைப்பது? வாயில் வந்தது ஒன்றுதான். "அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்குமுஸ்ஸலாம்!"

கடையில் நின்ற அத்தனை பேரும்! டயர் மாற்ற வந்தவர்கூட. இதற்கு மேல் என்ன பரிசோதனை? அதையே எடுத்தோம்.

புறப்படும்போது முதலாளி வாசல் வரைக்கும் வந்து சொன்னார்: "பைக் ஓடக்குள்ள தொறக்காதீங்க உம்மா. நிப்பாட்டினாத்தான் தொறக்கணும்."

தலையாட்டினேன். யார் கேட்டது?

வெள்ளி பின்னேரம் அக்கரைப்பற்றுக்குப் போனோம். காரைதீவு தாண்டும்வரை ஒழுங்காக இருந்தேன். நிந்தவூரில் தெரிந்த ஒருத்தி ஸலாம் சொன்னாள். பழக்க தோஷம்... பித்தானை அமத்திவிட்டேன். காற்று தலையைப் பின்னுக்கு இழுத்தது. முக்காடு பலூன் மாதிரி ஊதியது. ரோட்டு ஓரத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். பதர் முழுக்க வாய்க்குள்.

"மூடு புள்ள!" என்றார் முன்னால் இருந்தவர்.

"என்னத்த? வாயயா, ஹெல்மட்டயா?"

"ரெண்டயும்!"

மூடினேன். தங்கச்சி வீட்டு கேட்டடியில் போய்த்தான் பைக் நின்றது. சத்தம் கேட்டு சுபைதா வெளியே வந்தாள். எனக்கு அவசரம். இப்போது திறக்க வேண்டும். பித்தானைத் தேடினேன். நான் அமத்தியது காற்றுப் போகிற ஓட்டையின் மூடியை. எவ்வளவு அமத்தினாலும் திறக்குமா? உள்ளே இருந்தபடியே ஸலாம் சொன்னேன். அவள் கேட்டை அரைவாசி திறந்தபடி என்னையே பார்த்தாள்.

"பாத்தீங்களா மச்சான்? வீட்டு வாசலுக்கு வந்தும் வாயத் தொறக்கிறாவில்ல!"

திரும்பி நடந்தாள். நான் உள்ளே இன்னும் உரத்துச் சொன்னேன். இன்னும் உரத்து. என் வீட்டுக்காரர் எட்டிச் சிவப்புப் பித்தானை அமத்தினார். சரியாக அந்த நேரத்தில்...

"...அஸ்ஸலாமு அலைக்கும்!"

என் ஆயுளில் நான் அப்படிக் கத்தியதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் பதில் சொன்னார்கள்.

சுபைதா திரும்பினாள். "அல்லாஹ்வே! இந்த வயசில என்னத்துக்கு ராத்தா இந்தக் கத்து?"

"அண்டைக்கும் இப்பிடித்தான்கா சொன்னன். உள்ளுக்குள்ளயே நிண்டுட்டு."

"சும்மா பொய்."

"அப்ப நீ போட்டுப் பாரு!"

கழற்றிக் கொடுத்தேன். வீம்புக்காரி, வாங்கிப் போட்டாள். நாடியை இழுத்து 'டிக்' என்று மூடினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தானே திறந்தாள். கண் கலங்கியிருந்தது.

"கேட்டிச்சா?" என்றாள்.

"என்னது?"

"பதில் சொன்னன், ராத்தா. ரெண்டு தரம்."

"ஒண்டும் கேக்கல்லகா."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது அவள்தான். அன்றைக்கு இராச் சோறு அங்கேதான்.

ஹெல்மட் வாங்கப் போகிறவர்கள் என்னை மட்டும் நம்பிவிடாதீர்கள். கன்னத்தில் இறுக்கம், நெற்றியில் வலி என்று நான் எழுதியதை விபரம் தெரிந்தவர்களிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஏதும் மறந்திருப்பேன். அப்படியே இன்னொன்றையும் யாராவது விசாரித்துச் சொன்னால் நல்லது: மூடிய ஹெல்மட்டுக்குள் இருந்து சொன்ன ஸலாம் பதில் கணக்கில் சேருமா? சேராது என்றால் நாங்கள் இருவரும் ஒன்றுக்கொன்று சரி. சேரும் என்றால்... என் பதில் ஒன்று, அவளுடையது இரண்டு; சுபைதாதான் எனக்கு ஒன்று கூடுதலாகச் சொல்லியிருக்கிறாள்.