பின்னோக்கி இறக்கிய சக்கர நாற்காலி

நர்ஸாக நான் கவனித்துக்கொண்டவர்களில், ஆளைப் பார்க்கும் முன் அந்த ஆளின் வீட்டுச் சுவரைப் பார்க்கிறவர் இவர் ஒருவர்தான். நாற்பது வருடம் பெயிண்ட் அடித்தவர். பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அவர் முடித்த சுவரில் ஒரு பிரஷ் கோடு தெரியாது. தொழிலில் ‘கண்ணாடி’ என்றே கூப்பிடுவார்கள். பக்கவாதத்தில் வலது கை விழுந்தது. பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரிச் சுவரை முறைத்து, “எவன் அடிச்சான் இதை?” என்றார். பேச்சு திரும்பிவிட்டது என்று குறித்துக்கொண்டேன்.

ஒரே மகள். ஓவியக்கூடத்தில், தூரிகைத் தீற்றலை மறைக்காமல் வரைந்த இம்ப்ரஷனிஸ்ட் படங்களை வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலை. ஆறு வருடமாக அப்பா அந்தப் பக்கமே போனதில்லை. அவள் காட்டும் அச்சுப் பிரதிகளைப் பார்த்து, “பிரஷ் கோடு அப்படியே நிக்குது. இவன் என்கிட்ட வேலைக்கு இருந்திருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்” என்பார்.

இன்னொரு முறை வாதம் வரலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அவள் வீட்டுச் சமையலறையில் என்னிடம் வந்தாள். “நான் என்ன வேலை செய்யறேன்னு தெரியாமலே போயிடுவார் போலிருக்கு, நர்ஸம்மா.”

மறுநாளே அவரைச் சக்கர நாற்காலியில் ஓவியக்கூடத்துக்குக் கிளப்பினேன்.

முதல் படம், பனி மூடிய வயல், ஓரத்தில் ஒரு வேலி. மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார். “நீலம், ரோஸ், மஞ்சள். இதுக்குப் பேர் பனியா? வெள்ளை டப்பா தீந்துபோச்சு போல.” மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “போதும், போகலாம்” என்றார்.

வெளியே போகும் வழி சரிவு. சரிவில் நாற்காலியை முன்னோக்கி இறக்கினால் ஆள் குப்புற விழுவார். பயிற்சியில் முதல் வாரப் பாடம். திருப்பி, அவர் முகம் படத்தைப் பார்க்க, மெல்லப் பின்னோக்கி இழுத்தேன்.

பத்தடி போயிருப்போம். “நிறுத்துங்க!”

பிரேக்கைப் போட்டு நாடியைப் பிடித்தேன். வேகமாக அடித்தது. கையை உதறினார்.

“வெயில் அடிக்குது, நர்ஸம்மா.”

நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். திட்டுத் திட்டாக இருந்ததெல்லாம் ஒன்றாகி, பனிமேல் காலை வெயில் கண் கூசக் கிடந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அப்போதும் வெயில் அங்கேதான் இருந்தது.

“வெள்ளையே வைக்காம வெள்ளையாக்கியிருக்கான். நான் டப்பாவுல கலக்கினதை இவன் என் கண்ணுக்குள்ள கலக்கறான். கிட்ட போங்க.”

மேலே தள்ளினேன், திட்டு. இறக்கினேன், வெயில். நான்கு முறை. எந்த இடத்தில் மாறுகிறது என்று பிடிக்கப் பார்த்தார், பிடிபடவில்லை. என் இடுப்பு போனதுதான் மிச்சம்.

மேலே நின்ற மகள் மெதுவாகச் சொன்னாள்: “வேலியோட நிழலைப் பாருங்கப்பா. ஒரு பொட்டு கறுப்பு கிடையாது.”

பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது.

“இதையா தினமும் பாத்துக்கிட்டிருக்கே?”

“ஆமாப்பா.”

“சம்பளமும் குடுக்கறாங்களா?”

அவள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“அடுத்த படம் எங்கே? நீ சொல்லு. நான் குறுக்கே பேசல.”

சுவரைக் கண்டால் சும்மா இருக்க முடியாத மனிதர், மூன்று அறை வரை பேசவே இல்லை.