மஞ்சள்மேல் சுண்ணாம்பு

கொசுப் புகை வண்டி எங்கள் ஜோகுபாளையத்துச் சந்துக்குள் வந்தாலே மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்துகிறாள். நான் வாசலிலேயே நிற்பேன். மருந்து நாற்றத்தில் வளர்ந்தவள் நான். பிளேக் வந்த வீடுகளில் மருந்துத் தண்ணீர் தெளிக்கும் கேங்கில் என் அப்பாவுக்கு வேலை. கண்டோன்மென்ட்டில் அவர் கால் படாத சந்து கிடையாது. சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை, பெருமைதான்.

நோயாளி இருக்கும் வீட்டு வாசல் நிலையில் அப்பா சுண்ணாம்பால் ஒரு கோடு இழுப்பார். மறுநாள் காலை வண்டி வந்து, கோடு போட்ட வீட்டு நோயாளியை ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோகும். திரும்பி வந்தவர்கள் குறைவு.

எனக்கு அப்போது ஏழு வயது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா, காய்ச்சலில் கிடந்த தம்பியின் தொடையிடுக்கைத் தொட்டுப் பார்த்தார். நெறி கட்டியிருந்தது. எழுந்துபோய் எங்கள் நிலையிலேயே கோடு போட்டார்.

"ஊரான் ஊட்டுக்குப் போடறத பெத்த புள்ளைக்கும் போடுவியாய்யா? நீயெல்லாம் மனுசனா?" என்று அம்மா கத்தினாள்.

"கோடு எல்லாருக்கும் ஒண்ணுதான்டி."

விடியுமுன் அவர் வேலைக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமையானால் நிலையைக் கழுவி மஞ்சள் பூசுவது என் வேலை. அன்றும் கழுவினேன். கோடு போயிற்று. தெரிந்தேதான் செய்தேன். அம்மா பார்த்தாள், தடுக்கவில்லை.

வண்டி வந்தது. முனகல் வெளியே கேட்காதபடி அம்மா முந்தானையால் தம்பியின் வாயைப் பொத்தினாள். நான் கதவிடுக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சக்கரச் சத்தம் எங்கள் வாசலில் கொஞ்சம் நின்றது. பிறகு கடந்து போனது. தம்பியைக் காப்பாற்றியவள் நானே என்று அன்று முழுக்கத் தலை நிமிர்ந்து திரிந்தேன்.

சாயங்காலம் அப்பா வந்து நிலையைப் பார்த்தார். சுண்ணாம்பைக் குழைத்து, மஞ்சள்மேலேயே மறுபடி இழுத்தார். கோடு திருஷ்டி கழிக்கும் ஆலத்தித் தண்ணீர் போலச் சிவந்து வழிந்தது. கத்த வாயெடுத்த அம்மா அதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவே கொட்டகைக்கு நடந்தார்.

திரும்பி வந்தவரிடம், "அழிச்சது நான்தான் நைனா" என்று ஓடினேன்.

"கிட்ட வராதே! அங்கியே நில்லு!"

வாசலுக்கு வெளியே உட்கார்ந்து, மருந்துத் தண்ணீரில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தினமும் வேலை முடிந்து கொட்டகைக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வருவார். வெளியிலேயே சாப்பிட்டார், வெளியிலேயே படுத்தார். என் பக்கம் ஒரு விரல்கூட நீட்டவில்லை. கோட்டை அழித்ததற்குத் தண்டனை என்று நானும் எட்ட நின்றே அழுதேன்.

தம்பி மொட்டைத் தலையும் குச்சிக் காலுமாக நடந்து வீட்டுக்கு வந்தான். அதற்குச் சில நாள் கழித்துத்தான் அப்பா தலைமுழுகி உள்ளே வந்து, என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒருவழியாக அவருக்குக் கோபம் தணிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.