ஜெயிலுக்குப் போகாததற்கு ஒரு சான்றிதழ்

செங்கல்பட்டு ஹயாத் பாஷா இருபத்தெட்டு வயதுக்குள் வென்றவை வருமாறு: மூன்று வயதில் வந்த டைபாய்டு. இரண்டு வருடம் ஆங்கில வாத்தியாரே இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத்தில் எடுத்த எழுபத்தொரு மதிப்பெண். மாவட்ட ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் வெள்ளிக் கோப்பை. அதில் வெள்ளி இல்லை என்பது புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் தெரிந்தது. பி.ஏ. அதற்குப் பின் பி.எட். பெரிய மனிதர் ஒருவரைக்கூடத் தெரியாமல் கிடைத்த வாத்தியார் வேலை. கடைசியாக, நானூற்றுப் பன்னிரண்டு பேர் வந்த நேர்காணலில் தேறி, நைஜீரியாவில் ஆங்கிலம் கற்பிக்க வந்த அழைப்பு.

இவை ஒவ்வொன்றுக்கும் அவனுடைய அக்கா ஷரீபுன்னிசாவிடம் தேதி இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அவள். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அவள் அளவெடுத்தால் அரை விரல்கடைகூடப் பிசகாது. தம்பியின் பெருமையைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் தாராளமாக வெட்டுவாள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற எந்தப் பெண்ணும் தம்பியின் கதையைக் கேட்காமல் கையை இறக்க முடியாது. அந்தக் கதைகளில் அவளுக்கு மிகவும் பிடித்தது, பதினைந்து வயதில் அவன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காக ஜெயிலுக்குப் போய் வந்த கதை.

நைஜீரியாக் கடிதம் 1978 ஜனவரியில் வந்தது. பதினோரு சான்றுகளை மார்ச் மாதக் கடைசிக்குள் சென்னையிலுள்ள ஏஜென்சியில் கொடுத்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். ஷரீபுன்னிசா அந்தப் பட்டியலை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி, ஒவ்வொன்றாக முடிக்க முடிக்கத் தையல் சாக்பீஸால் கோடு போட்டாள்.

பட்டச் சான்றிதழின் நகல் உண்மையானதுதான் என்று மாட்டு டாக்டர் ஒருவர் பச்சை மையில் கையெழுத்திட்டார். விண்ணப்பதாரரை ஐந்து வருடமாகத் தனக்கு நேரில் தெரியும் என்றும் அவரே எழுதிக் கொடுத்தார். அவர் ஹயாத் பாஷாவை முதன்முதலாகப் பார்த்தது அன்று காலை பத்து இருபதுக்கு. மார்பு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்று. பள்ளி நிர்வாகம் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தது. கொடுத்த வேகத்தைப் பார்த்து ஹயாத் பாஷாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

"வெள்ளக்காரன் நமக்குச் சொல்லிக் குடுத்த இங்கிலீச நம்ம ஆளு போயி ஆப்பிரிக்காக்காரனுக்குச் சொல்லிக் குடுக்கணும். அதுக்கு மாட்டு டாக்டரு கேரண்டி," என்று சிரித்தார் ஷரீபுன்னிசாவின் கணவர் சௌகத் அலி. கடைத்தெருவில் டீக்கடை வைத்திருந்தவர் அவர்.

பத்துக்குக் கோடு விழுந்தது. மிச்சம் பாஸ்போர்ட். அதற்குப் போலீஸ் வந்து தெருவில் விசாரிக்க வேண்டும். விசாரணைக்கு முதல் நாளே ஷரீபுன்னிசா தெருவைத் தயார் செய்யக் கிளம்பினாள். முதலில் எதிர்வீட்டுப் பூக்காரி எல்லம்மாள்.

"எல்லம்மா, நாளைக்குப் போலீசு வந்து தம்பியப் பத்திக் கேப்பாங்க. நல்லவிதமா சொல்லணும்."

"அத்த நீ சொல்லித்தான் நான் சொல்லணுமாக்கா? தங்கமான புள்ள. வேற இன்னா சொல்லணும்?"

"ஜெயிலுக்குப் போனத வுட்டுடாத."

"மறப்பனா? மால போட்ட கையிக்கா இது!"

மறுநாள் காவலர் வாசுதேவன் மப்டியில் சைக்கிளில் வந்தார். ஓய்வு பெறப் போகிற வயது. ஷரீபுன்னிசா ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளு உள்ள இருந்துச்சு சார், நோன்பு மாசத்துல," என்றாள் எல்லம்மாள்.

பக்கத்து வீட்டுத் தேவசகாயம் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நேரம் தவறிச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. "ரெண்டு நாள் இல்லம்மா, ரெண்டு வாரம். லத்தி சார்ஜ்ல முட்டியில அடி சார். மழை வந்தா இன்னும் நொண்டுவார்." ஹயாத் பாஷா நொண்டுவது உண்மைதான். பள்ளிக்கூட ஃபுட்பால் மேட்சில் பட்ட அடி அது.

வார்டு கட்சிக்காரர் ராமதாஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். "ரயில மறிச்சாரு. தபாலாபீசு போர்டுல தாரு பூசுனாரு. பஸ்ஸு ஒண்ணு…" என்று நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அது வாணாம், எழுதிக்காதீங்க," என்றார்.

வாசுதேவன் பொறுமையாக எல்லாவற்றையும் எழுதினார். ‘எழுதிக்காதீங்க’ என்பதையும் எழுதினார்.

பிறகு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். ஷரீபுன்னிசா பெருமை தாங்காமல் டீயோடு இரண்டு முறுக்கும் வைத்தாள்.

"இன்னாம்மா இது?" என்றார் அவர். "தெருவே ஒண்ணா சேந்து உங்க தம்பிய மாட்டிவுட்டுகினு கீது?"

"மாட்டி வுடறதா? எல்லாம் நல்லதுதானே சார் சொன்னாங்க!"

"எப்பவாச்சும் கைதானவரான்னு பாரத்துல ஒரு கட்டம் கீதும்மா. ‘ஆமா’ன்னு போட்டா பாஸ்போர்ட்டு அங்கயே நின்னுடும்."

"மொழிக்காகப் போனது சார் அது!"

"அப்ப லத்தியத் தூக்கிகினு எதுருல நின்னவன்தாம்மா நானு. உங்க மொழி எனக்கும் மொழிதான். ஆனா பாரத்துல ‘எதுக்காக’ன்னு எழுத எடம் வுடல." அவர் முறுக்கை உடைத்தார். "எந்த ஜெயிலு, எந்தத் தேதி, கேசு இன்னா ஆச்சு? விடுதலை பேப்பர் கீதா? கேசு தள்ளுபடின்னா அதக் காட்டி எழுதலாம்."

தம்பிக்கு டைபாய்டு வந்தபோது வாங்கிய மருந்துச் சீட்டைக்கூட எடுத்து வைத்திருந்தவள் அவள். ஜெயிலுக்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இத்தனை வருடத்தில் அது ஏன் தோன்றவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ரெண்டு வாரம் டைம் தரேன். அதுக்கு மேல வெச்சிருக்க முடியாது," என்று சொல்லிவிட்டு வாசுதேவன் சைக்கிளை எடுத்தார்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த தம்பியிடம் அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றான்.

"அக்கா, நான் ஜெயிலுக்கே போகல."

"அடக்கமா பேசற நேரமாடா இது?"

"நெசமாத்தான். ஊர்வலத்துக்கே போகல. மகாபலிபுரத்துல இருந்தேன்."

போராட்டம் தொடங்கிய அந்தத் திங்கட்கிழமை நடந்தது இதுதான். பள்ளிக்கூடத்துப் பையன்கள் கோஷம் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் போக, ஹயாத் பாஷா இன்னொரு பக்கம் போய்த் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டான். கடற்கரைக் கோயிலைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களின் பின்னால் நின்று அவர்கள் பேசுவதைக் கேட்பது அவனுடைய வழக்கம். பள்ளியில் ஆங்கில வாத்தியார் இல்லாத குறையை அப்படித்தான் தீர்த்துக்கொண்டிருந்தான். அன்று ஓர் ஆஸ்திரேலியாக்காரரின் காமிரா காணாமல் போயிற்று. அவர் பேசிய வேகத்துக்கு ஈடுகொடுக்கக் கடலோரக் காவல் நிலையத்தில் யாராலும் முடியவில்லை. கூட்டத்தில் நின்ற பையன் வாயைத் திறந்து, அவர் சொன்னதைத் தமிழில் சொன்னான். அத்தோடு அவனைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார்கள்.

ஆஸ்திரேலியாக்காரர் எதையும் துல்லியமாகச் சொல்லும் மனிதர். காமிராவின் தோல்வாரில் எத்தனை துளை என்பதிலிருந்து ஆரம்பித்தார். வாக்குமூலம் முடிய மூன்றாம் நாளாயிற்று. ஒரு காவலர் தன் வீட்டில் பையனைப் படுக்க வைத்து, விடியலுக்கு முன்னால் நோன்புக்கு எழுப்பிவிட்டு, சாயங்காலம் டீக்கடை பன் வாங்கிக் கொடுத்தார். இங்கே, வேனில் ஏற்றிக்கொண்டு போன பையன்களில் தம்பியும் ஒருவன் என்று ஷரீபுன்னிசாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் இரண்டு நாள் வெறும் தண்ணீரில் நோன்பு திறந்தாள்.

"வந்தவுடனே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?"

"எப்படிச் சொல்றது? பஸ்ஸ வுட்டு ஒரு கால கீழ வெச்சேன், எல்லம்மா மால போட்டுட்டாங்க. ரோஜா மால. ராமதாஸ் அண்ணன் தோள்ல தூக்கிட்டாரு. மேல உக்காந்துகினு இல்லன்னு எப்படிக்கா சொல்றது?"

"எறங்கனப்புறம்?"

"ரெண்டு தபா சொன்னேன். ரெண்டு தபாவும் ‘எம்மாம் அடக்கம் பாரு எம்புள்ளைக்கு’ன்னு நீதான் கன்னத்தக் கிள்ளிட்டுப் போயிட்ட."

சௌகத் அலிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "ஊரு பூரா தமிழுக்காக அடி வாங்கிகினு இருந்திருக்கான். இவன் வெள்ளக்காரன்கிட்ட இங்கிலீசு பேசிகினு இருந்திருக்கான். நல்ல தியாகி மச்சான் நீ!"

ஷரீபுன்னிசா சிரிக்கவில்லை. பதிமூன்று வருடமாக எத்தனை கல்யாண வீடுகளில் அந்த ஜெயிலைச் சொல்லியிருப்பாள்! மெஷினில் போய் உட்கார்ந்து, தைக்காமல் காலால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தாள். தைத்தது தவறென்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்பது அவள் தொழில். எழுந்து தெருவுக்குப் போனாள்.

சொன்னதைப் பிரிப்பது துணியைப் பிரிப்பது போல இல்லை.

"ஜெயிலுக்கே போகலயா?" எல்லம்மாள் பூக்கட்டுவதை நிறுத்தினாள். "புள்ளைய வெளிநாட்டுக்கு அனுப்பறதுக்கு இன்னா பேச்சு பேசறக்கா நீ! நான் போட்ட மால பொய்யின்றியா?"

"ஒரு பாஸ்போர்ட்டுக்காகத் தியாகத்த விக்காதீங்கம்மா," என்றார் தேவசகாயம், மிகுந்த வருத்தத்தோடு.

ராமதாஸ்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டவர். அவருக்கும் வழியில்லை. "பேர எழுதி மேலிடத்துக்கு அனுப்பிட்டோமேக்கா. தியாகி லிஸ்ட்ல சேக்கறதே பேஜாரு. எடுக்கணும்னா அதுக்கு ஒரு கமிட்டி போடணும்."

பொய்யை மூன்றே நாளில் நம்பிய தெரு, உண்மையை நம்பச் சான்று கேட்டது. சான்று இருந்தால் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். பிப்ரவரி பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை, ஷரீபுன்னிசா துப்பட்டியைப் போட்டுக்கொண்டு தம்பியோடு பஸ் ஏறினாள்.

கடலோரக் காவல் நிலையத்து ரைட்டர் பல்குத்திக்கொண்டே கேட்டார். "பதிமூணு வருசத்துப் பேப்பரா? பத்து வருசம் தாண்டுனா கொளுத்திடுவோம்மா. கேசு முடியலன்னாதான் கட்டு இருக்கும். அந்தக் காமிரா கெடச்சுதா?"

"தெரியாதுங்களே."

"கெடைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கோங்க."

அவர் உள்ளே போய்த் தேடிய முக்கால் மணி நேரமும், முகம் தெரியாத ஓர் ஆஸ்திரேலியாக்காரரின் பொருள் அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கக் கூடாது என்று அவள் மனமுருகி துவா செய்தாள். அது பாவமா என்று பாதியில் ஒரு சந்தேகம் வந்தது. முடித்துவிட்டு யோசிக்கலாம் என்று தொடர்ந்தாள்.

ரைட்டர் தும்மிக்கொண்டே வந்தார். கையில் ஒரு கட்டு. காமிரா கிடைக்கவில்லை, வழக்கு உயிரோடு இருந்தது.

உள்ளே நான்கு பக்க வாக்குமூலம். தோல்வாரில் ஆறு துளை. கடைசிப் பக்கத்தின் அடியில் மூன்று நாள் விவரமும் இருந்தது: மொழிபெயர்ப்புக்கு உதவிய மாணவன், எந்த வழக்கிலும் சம்பந்தப்படாதவன், காவலர் வீட்டில் தங்கவைத்து அனுப்பப்பட்டான். அதற்குக் கீழே, சொன்னதைச் சொன்னபடி தமிழில் மாற்றிச் சொன்னேன் என்று பையன் கையால் எழுதி ஒரு கையெழுத்து. ஆங்கிலத்தில், முழுப் பெயரும். கடைசி எழுத்தின் வால் காகிதத்தின் ஓரம்வரை போயிருந்தது.

அவள் அதை வெகு நேரம் பார்த்தாள். அதுவரை அவன் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. பள்ளிக்கூடத்துத் தாள்களில் எல்லாம் கார்டியன் என்ற இடத்தில் அவள் போட்டதோடு சரி.

"கூட்டத்துல அத்தினி பேரு நின்னாங்களேடா," என்றாள். "நீ ஒருத்தன்தான் பேசனியா?"

"ஆமாக்கா."

"இத்த ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

ரைட்டர் நகல் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை வாசுதேவன் வந்து அதை இரண்டு தரம் படித்தார். அன்று அவர் எழுதிக்கொண்டு போன அறிக்கையின் பேரில்தான் மார்ச் இருபத்திரண்டாம் தேதி பாஸ்போர்ட் வந்தது. ஹயாத் பாஷாவின் இடமும் அடுத்த ஆளுக்குப் போகாமல் நின்றது. தெருவில் யாரும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஜெயிலுக்குப் போயும் பாஸ்போர்ட் வாங்கிவிட்டாரே என்று அவர்களுக்கு இன்னும் பெருமை கூடியது.

"கைது இல்ல," என்று அந்தத் திங்கட்கிழமை சொல்லிக்கொண்டே அறிக்கையை எழுதினார் வாசுதேவன். "சாட்சி. வாக்குமூலத்த மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காரு." பேனாவை நிறுத்தி நகலில் தேதியைத் தேடினார். "என்னிக்கிம்மா போட்டாரு?"

ஷரீபுன்னிசா நகலைப் பார்க்கவில்லை.

"எழுதிக்கங்க சார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுவத்தஞ்சி, ஜனவரி இருவத்தேழு, பொதங்கெழம."