மதுரையிலிருந்து வந்த பனிக்கட்டி

“…மனுசனைப் பனிக்கட்டித் தண்ணிக்குள்ள இறக்கிவிட்டு, உசிரு எப்பப் போகுதுன்னு பக்கத்துல நின்னு பாத்திருக்காக மாப்ள. பாத்தது ஆரு? டாக்டருக்குப் படிச்சவுக.”

மடியிலிருந்து பத்திரிகையை எடுத்து என் முன்னால் ஆட்டினார் மச்சான். என் மனைவியின் அண்ணன் அவர், மார்க்கையன்கோட்டையில் நெல் விவசாயம். தேனியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கிடந்த தங்கையைப் பார்க்க வந்தவர், வராந்தாவில் உட்கார்ந்ததும் எடுத்த பேச்சு இதுதான்.

சண்டைக் காலத்தில் ஜெர்மனியில் சிறைப்பட்டவர்களைப் பிடித்து வைத்து, அவர்கள் உடம்பில் என்னென்னவோ சோதித்துப் பார்த்த டாக்டர்களைக் கோர்ட்டில் நிறுத்தியிருந்தார்கள். அந்தச் செய்தியை நானும் படித்திருந்தேன். பள்ளிக்கூடம் போகாமல், பருத்திப் பேட்டையில் மூட்டை மேல் இருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். எதைப் படித்தாலும் நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இதை மட்டும் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

உள்ளே என் மனைவிக்குப் பிரசவக் காய்ச்சல். பிள்ளை நன்றாக இருந்தது, தாய்தான் கண் திறக்கச் சிரமப்பட்டாள். மச்சான் அவள் நெற்றியைத் தொட்டுவிட்டு, “அப்பளத்தை வச்சாப் பொரியும் போல இருக்கே” என்றார். துக்கத்தைக்கூட அவர் அப்படித்தான் சொல்லுவார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துக்காரர். கொடுத்த மருந்து எதுவும் கேட்காததால், பட்டாளத்தில் புழங்கி அப்போதுதான் வெளியே வந்திருந்த பென்சிலினை மதுரையில் சொல்லி வரவழைத்திருந்தார். “புது மருந்து. கேக்கும்னு நம்புறேன்” என்று காலையில் என்னிடம் சொன்னதை மச்சானிடம் அப்படியே சொன்னேன்.

“புதுசா?” என்றார் மச்சான். மடியிலிருந்த பத்திரிகையை மறுபடி எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மதுரை பஸ் வந்தது. சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று சர்க்கார் ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனபின் எங்களுக்கு எல்லாமே பஸ்ஸில்தான். கம்பவுண்டர் ஒரு மரப்பெட்டியைச் சுமந்துவந்து வராந்தாவில் வைத்துத் திறந்தார். மரத்தூள், அதற்குள் சாக்கு, சாக்குக்குள் ஆட்டுக்கல் அளவுக்குப் பனிக்கட்டி.

மச்சான் பத்திரிகையைப் பார்த்தார். பனிக்கட்டியைப் பார்த்தார். எழுந்து போய் அறை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார்.

“எந் தங்கச்சியை இதுக்குள்ள இறக்க விட மாட்டேன். மாப்ள, கட்டிலை அங்கிட்டுப் பிடிங்க. வண்டியைக் கட்டி ஊருக்குக் கொண்டுபோயிருவோம்.”

கம்பவுண்டர் சிரித்துவிட்டார்.

“சிரிக்காத தம்பி. அங்கனயும் ஒருத்தன் சிரிச்சுக்கிட்டுத்தான் கட்டியைத் தூக்கிட்டு வந்திருப்பான்.”

சிரிப்பு நின்றுபோயிற்று. வீட்டுக்குக் கொண்டுபோனால் அவள் பிழைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதே செய்தியைப் படித்தவனும் நான்தான். அவரைத் தள்ளவும் கை எழவில்லை, கட்டிலைப் பிடிக்கவும் எழவில்லை.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். மச்சான் நீட்டிய பத்திரிகையை வாங்கிப் பார்த்தார்.

“ஞானும் வாசிச்சேன். ரெண்டு நாளாச் சோறு இறங்கலை. என் தொழில் செய்யுற ஆளுகதானே இவங்களும்.” பிறகு பெட்டியில் பனிக்கட்டிக்கு அடியில் இருந்த சின்ன மருந்துக் குப்பியைக் காட்டினார். “சூடு பட்டா இந்த மருந்து கெட்டுப்போகும். ஐஸ் குப்பிக்கு. உங்க தங்கச்சிக்கு இல்லை. மதுரையில இதைக் குடுத்துப் பிழைச்சவங்களைக் கண்டிருக்கேன். பிழைக்காதவங்களையும் கண்டிருக்கேன்.”

“வேணாம்னு சொன்னா?”

“குத்த மாட்டேன். ஆனா அதை நீங்க சொல்லக் கூடாது. அவங்க சொல்லணும்.”

மச்சான் விரித்த கையை மடக்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, டாக்டரம்மா எல்லாவற்றையும் என் மனைவியிடம் மறுபடி சொன்னார். பிழைக்காதவர்களையும் விட்டுவிடாமல் சொன்னார். “குத்தட்டுமா?” என்று கேட்டார்.

கல்யாணத்துக்குக்கூட அவளை யாரும் கேட்டதில்லை. அவள் அப்பாவைக் கேட்டார்கள், அண்ணனைக் கேட்டார்கள், அப்புறம் என்னைக் கேட்டார்கள். காய்ச்சலில் கிடந்த ஒரு பொம்பளையிடம், படித்த ஒருவர் நின்று பதிலுக்குக் காத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் பிழைத்தாள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிழைக்காமல் போயிருந்தாலும் அந்தக் கேள்விக்காக டாக்டரம்மாவைக் கும்பிட்டிருப்பேன். அந்தப் பத்திரிகையைப் படித்து மனுசர் மேலேயே நம்பிக்கை விட்டுப்போயிருந்த எனக்கு, அந்த ஒற்றைக் கேள்வியில்தான் மூச்சு சீராக வந்தது.

அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். “அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லு. நீ வழியை அடைச்சுக்கிட்டு நின்னா அவுக எப்படி உள்ள வருவாக?”

மச்சான் கையை இறக்கினார்.

மறுநாள் காலையில் காய்ச்சல் ஒரு பிடி இறங்கியிருந்தது. ஆனால் சித்திரை வெயில். பனிக்கட்டி தேங்காய் அளவுக்குக் கரைந்துவிட்டது. இன்னும் போட வேண்டிய ஊசி பாக்கி இருந்தது. டாக்டரம்மா கம்பவுண்டரிடம், “இன்னைக்கு மதுரைக்கு ஆரு போறா?” என்று கேட்டார். கம்பவுண்டர் உதட்டைப் பிதுக்கினார்.

மூலையில் குந்தியிருந்த மச்சான் எழுந்தார். மிச்சக் கட்டியையும் மருந்துக் குப்பியையும் மண்பானைக்கு மாற்றச் சொன்னார். ஈர மரத்தூளைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மதுரை பஸ்ஸுக்கு நடந்தார்.