உள் டயர்

வள்ளியூர் பக்கத்தில் ஒரு ரயில்வே மேம்பாலம் உண்டு. போன ஆனி மாதம் சிமென்ட் லோடோடு அதில் ஏறிக்கொண்டிருந்தபோது என் லாரி பாதியில் திணறியது. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தும் இன்ஜின் சத்தம் போட்டதே தவிர இழுக்கவில்லை. கியரைக் குறைப்பதற்குள் வண்டி நின்று, பின்னால் இரண்டடி உருண்டுவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் ஒட்டினாற்போல ஒரு பள்ளிக்கூட வேன். ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொண்டது. வேன் டிரைவர் இறங்கி வந்து திட்டினார். 

அதற்குப் பிறகு சின்ன மேடு வந்தாலும் முன்கூட்டியே கியரைக் குறைத்துக்கொண்டுதான் ஏறினேன். வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் ஃபில்டர்களை மாற்றிவிட்டு, வண்டிக்கு வயசாகிவிட்டது என்றார்.

லாரியில் எனக்குப் பாதி, மாப்பிள்ளைக்குப் பாதி. மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். நாங்கள் இருவருமே மாற்றி மாற்றி ஓட்டுவோம். அவர்தான் அந்த ஷெட்டைப் பற்றி விசாரித்து வந்தார். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிற சாலையில், லாரி இன்ஜினை டியூன் செய்து தருகிற இடம். டைனோ வைத்திருக்கிறார்கள், வண்டியை உருளை மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, சக்கரத்துக்கு எத்தனை குதிரைத்திறன் வந்து சேருகிறது என்று கணக்காக அளந்துவிடுவார்கள். வேலை செய்வதற்கு முன்னால் ஒரு தடவை, முடித்த பிறகு ஒரு தடவை. கூடியிருக்கிறதா இல்லையா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

ஷெட்டை நடத்துகிறவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். இன்ஜினீயர். கோயம்புத்தூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, பின் டயர்ல ரீட்ரேட் எதுவும் உண்டா?"

எதற்குக் கேட்கிறார் என்றும் அவரே சொன்னார். உருளை மேல் ஓடும்போது டயர் சீக்கிரம் சூடாகும். தேய்ந்த டயர் மேல் புதுப் பட்டை ஒட்டியிருந்தால் அந்த ஒட்டு விட்டுவிடலாம்.

"எல்லாம் புது டயர்தான் ம்மா" என்றேன்.

அது பொய். இரண்டு மாதத்துக்கு முன்னால் பின்னால் இடது பக்கத்து இரட்டைச் சக்கரத்தில் உள் டயரை மாற்றியபோது, கையில் காசு இல்லாததால் ரீட்ரேட் போட்டுவிட்டேன். மாப்பிள்ளைக்கு ரீட்ரேட் என்றாலே ஆகாது. அவருடைய கூட்டாளி ஒருவரின் லாரி அதனால்தான் கவிழ்ந்தது. ஆகவே அவரிடமும் புது டயர் என்றே சொல்லியிருந்தேன். அந்தப் பெண் கேட்டபோது அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பின் சக்கரங்களை உருளை மேல் ஏற்றி, அகலமான பட்டைகளால் வண்டியைத் தரையிலிருந்த கொக்கிகளோடு இழுத்துக் கட்டினார்கள். ரேடியேட்டருக்கு எதிரே ஆள் உயர மின்விசிறி. வண்டியின் கிளட்சும் கியரும் எனக்குத்தான் பழக்கம் என்பதால் நானே ஓட்ட வேண்டும் என்றார் அந்தப் பெண். பக்கத்திலிருந்த கண்ணாடி அறையிலிருந்து அவர் கை காட்டுவார். நான் மிதிக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், மஞ்சள் கோட்டைத் தாண்டி யாரும் வரக்கூடாது.

கடைசியாக அந்தப் பெண் ஏணியில் ஏறி வந்து ஜன்னல் வழியே சொன்னார். "என்ன சத்தம் கேட்டாலும் பிரேக் மிதிக்காதீங்க, ஸ்டீயரிங்கத் திருப்பாதீங்க. கால மட்டும் எடுங்க. தானா நிக்கும்."

முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். நிற்கிற வண்டியில் அவ்வளவு பயந்ததில்லை. ஒவ்வொரு கியராக மாற்றி, அவர் கை காட்டியதும் முழுக்க மிதித்தேன். ஸ்பீடோமீட்டர் எண்பதை நெருங்குகிறது, எதிரே இருக்கிற சுவர் அசையாமல் அங்கேயே இருக்கிறது. கேபின் முழுக்க அதிர்ந்தது. பட்டைகள் விட்டால் நேரே அந்தச் சுவர்தான். இதற்கு நடுவே என் மனசு முழுக்க இடது பக்கத்து உள் டயரில் இருந்தது. கால் எடுக்கச் சொல்லி அவர் கை காட்டியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நூற்றுப் பதினெட்டு குதிரைத்திறன். திரையில் கோடு மேலே ஏறி, பாதியிலேயே தளர்ந்து விழுந்திருந்தது. இந்த வண்டிக்கு இது ரொம்பக் குறைவு என்றார். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகிற ரப்பர் ஓஸில், அதை இறுக்குகிற கவ்விக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. அதை மாற்றினார். டீசல் தெளிக்கிற இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். பிறகு லேப்டாப்பை வண்டியோடு இணைத்து, டீசல் போகிற அளவைத் திருத்திக்கொண்டிருந்தார். மத்தியானம் ஆகிவிட்டது.

அந்த இடைவெளியில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதல் ஓட்டத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். டயரைத் தொட்டுப் பார்க்கப் போனவன், மாப்பிள்ளை பார்ப்பதைக் கண்டு திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாவது ஓட்டம். மிதித்த உடனே வித்தியாசம் தெரிந்தது. வண்டி முன்னால் துள்ளி, பட்டைகள் விறைத்தன. நல்ல இழுவை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இடது பக்கத்துக் கண்ணாடியில் மாப்பிள்ளை தெரிந்தார். அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருக்க, இவர் அறையிலிருந்து நழுவி வந்து, வண்டிக்குப் பின்னால் சக்கரத்துக்கு நேராக நின்று செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

கத்தினால் கேட்காது. என் கை தானாக ஹாரனுக்குப் போனது. விடாமல் அடித்தேன். படம் எடுக்க வேண்டாம் என்கிறேனோ, ஒதுங்கச் சொல்கிறேனோ என்று நினைத்திருப்பார் போல. முகத்தைச் சுளித்துக்கொண்டு நாலு எட்டு தள்ளி நின்றார்.

அப்போதுதான் இருக்கைக்கு அடியில் தட் தட் என்று அடிக்க ஆரம்பித்தது. காலை எடுத்தேன். அதற்குள் வெடித்தாற்போல ஒரு சத்தம். மட்கார்டு பிய்ந்து தொங்கியது. கையகல ரப்பர்ப் பட்டை ஒன்று, ஆள் நீளம் இருக்கும், பறந்து போய்ப் பின்சுவரின் தகரத்தில் அறைந்து விழுந்தது. மாப்பிள்ளை முதலில் நின்றிருந்த இடத்தின் வழியாகத்தான் போனது. என் வலது கால் பிரேக்குக்குப் போகத் துடித்தது. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். உருளைகள் சுற்றி ஓய எவ்வளவு நேரம் ஆனதோ தெரியவில்லை. கந்தக வாடையும் புகையும் கேபினுக்குள் வந்தன.

நான் இறங்கியபோது மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தார். அடிபடவில்லை. எந்திக்க முடியல மச்சான் என்றார். அந்தப் பெண் டார்ச்சோடு குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, உள்ள கிடக்கது ரீட்ரேட். நான் கேட்டேன்லா."

"ஆமா ம்மா. தெரிஞ்சேதான் சொல்லல" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. டார்ச் அடித்து நானே பார்த்திருக்கணும், வெளி டயரைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னார். பிறகு மாப்பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார். மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டெப்னியைக் கழற்றப் போனேன்.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். தாமிரபரணிப் பாலம் தாண்டி மாப்பிள்ளை ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். பாதி டீயைக் குடித்த பிறகு, படம் எடுத்ததைத் தான் போட்டுப் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

"ஹாரன் சத்தம் முதல்ல கேக்கு. அதுக்குப் பொறவுதான் டயர் கிழியுது. முன்னாடியே எப்படி அடிச்சிய?"

"பயந்துட்டேன் மாப்ளே."

"அந்தப் பயம் உருளை மேல ஏத்துததுக்கு முன்னால வந்திருக்கக் கூடாதா மச்சான்?"

அவர் மீதி டீயையும் குடித்துவிட்டு, இனி டயர் வாங்கப் போகும்போது தானும் கூட வருவதாகச் சொன்னார். வீட்டில் தங்கையிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நானே போய்ச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நாள் என்னோடு பேசவில்லை.

புது டயர் போட்டுக்கொண்டு, பாதியில் நின்ற அளவை எடுக்க அடுத்த வாரம் மறுபடி அதே ஷெட்டுக்குப் போனோம். இந்தத் தடவை அந்தப் பெண் ஒவ்வொரு டயராக உள்ளும் புறமும் டார்ச் அடித்துப் பார்த்தார். அண்ணாச்சிக்குக் கஷ்டமாக இருந்தால் வேறு ஆள் ஓட்டட்டும் என்றார். நானே ஓட்டுகிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மாப்பிள்ளை கண்ணாடி அறைக்குள் போய் நாற்காலியில் உட்காரும்வரை நான் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை.

மூன்று தடவை ஓட்டினோம். மூன்று தடவையும் அந்தத் தட் தட் வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. கடைசி ஓட்டம் முடிந்து இறங்கும்போது படியில் கால் வைக்கத் தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினேன். மாப்பிள்ளை வந்து இடுப்பைப் பிடித்து இறக்கினார். அந்தப் பெண் வேலைக்கு முந்திய கோட்டையும் இப்போதைய கோட்டையும் ஒரே தாளில் அச்சடித்துத் தந்தார். அதை வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டேனே தவிர, பார்க்கத் தோன்றவில்லை.

திரும்பும்போது மாப்பிள்ளைதான் ஓட்டினார். என்ன வந்திருக்கு, வாசிங்க என்றார். தாளைப் பிரித்தேன். முன்னால் நூற்றுப் பதினெட்டு, இப்போது நூற்று நாற்பத்தொன்பது.

"பரவால்லியே" என்று சொல்லிவிட்டு அவர் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பார்த்தார். வண்டி உடனே இழுத்துக்கொண்டு பாய்ந்தது.

"பைய போங்க மாப்ளே" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.